ஓர் அட்டை, ஒரு கயிறு... டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ கதை!

உங்கள் வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் இருக்கிறதா? ஒன்று தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதை மாட்டிவிட்டு, கையோடு போனை எடுத்து அடுத்ததை புக் பண்ணிடுவீங்க. சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதி வைப்பதில்லை. காலியானதே கணக்கு, காலியானதே ஆர்டர். வீட்டில் பத்து சிலிண்டரை அடுக்கி வைக்க இடமும் தேட வேண்டாம், சாம்பார் பாதி கொதிக்கும்போது அடுப்பு அணைந்து பக்கத்து வீட்டுக்கு ஓடவும் வேண்டாம்.

கார், பைக், வாஷிங் மெஷின் என்று எதை எடுத்தாலும், அதைப் பூட்டும் லைனுக்கு உதிரிபாகம் போய்ச் சேருவது இன்று பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருப்பவர்களுக்கு இது தூரத்து சமாசாரம் இல்லை. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் போனால் திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் தொழிற்சாலை. பாகூரிலிருந்து மேற்கே போனால் நெட்டப்பாக்கம் கொம்யூன், அங்கே ஏரிப்பாக்கத்தில் லூகாஸ் டி.வி.எஸ். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கம் தொழிற்பேட்டைகள். ஐ.டி.ஐ. முடித்த தம்பியோ டிப்ளமோ முடித்த தங்கையோ கம்பெனி பஸ் ஏறாத தெரு இந்தப் பக்கம் குறைவு. அவங்ககிட்ட கான்பான்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. கேள்விப்பட்டிருப்பாங்க.

அந்த வார்த்தையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்த மனிதரைத்தான் நிறைய பேருக்குத் தெரியாது. பெயர் தாயிச்சி ஓனோ. 1912 பிப்ரவரி 29-ம் தேதி பிறந்தவர். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பிறந்தநாள். அன்று ஜப்பானின் கையில் இருந்த, இப்போது சீனாவில் இருக்கும் தாலியன் என்ற துறைமுக நகரில் பிறந்தார். நகோயா தொழில்நுட்பப் பள்ளியில் மெக்கானிக்கல் படித்தார். நம்ம ஊர் டிப்ளமோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தானே நிற்கும் தறி

1932-ல் படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைத்த வேலை கார் கம்பெனியில் இல்லை, ஒரு நூற்பாலையில். டொயோடா நூற்பு, நெசவு ஆலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

அந்த ஆலைக்கு வேர் சகிச்சி டொயோடா என்ற கண்டுபிடிப்பாளர். தச்சர் வீட்டுப் பிள்ளை. 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்த தாத்தா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால் இதன் அருமை புரியும். நூல் அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் கஜக்கணக்கில் துணி பாழ். அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஒரு கண் காவல் இருக்க வேண்டும். தறியே நின்றுகொண்டால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ டொயோடா கார் தயாரிக்க இறங்கியபோது கைகொடுத்தது இந்தத் தறிப் பணம்தான்.

தப்பு நடந்தால் நின்றுவிட வேண்டும் என்பதை ஓனோ பார்த்துக் கற்றது இந்தத் தறிகளுக்கு நடுவில். பதினோரு வருஷம் அங்கே இருந்தார். 1943-ல் போர்க்கால இணைப்பில் ஆலை டொயோட்டா மோட்டாரோடு சேர்ந்தது. முப்பத்தோரு வயதில் கார் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டார். காரைப் பற்றி அவருக்கு அப்போது பெரிதாக எதுவும் தெரியாது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கார்க்காரர்கள் வழக்கம் என்று விட்டுவிட்ட விஷயங்கள் நூல்காரர் கண்ணில் உறுத்தின.

மாசக் கடைசி ஓட்டம்

எது உறுத்தியது? போர் முடிந்த சமயத்து டொயோட்டாவைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. மாதத்தின் முதல் இருபது நாள் லைனில் வேலையே நடக்காது. ஏன்னா உதிரிபாகம் வந்து சேராது. போல்ட் இருக்கும், கியர் இருக்காது. கியர் வரும், அச்சு வராது. ஒருவழியாக எல்லாம் சேர்ந்த பிறகு கடைசிப் பத்து நாளில் ராப்பகலாக வண்டிகளைப் பூட்டித் தள்ளுவார்கள். அடுத்த மாதம் முதல் தேதி மறுபடியும் அதே கதை. மாசக் கடைசியில் டார்கெட்டை முடிக்க ஓவர்டைம் போட்டுப் பிழிகிற இடத்தில் நீங்கள் வேலை பார்த்திருந்தால், இதற்கு விளக்கமே தேவையில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலை முழுக்கச் சாமான் குவிந்துதான் கிடக்கும். ஆனால் இப்போது வேண்டியது மட்டும் இருக்காது. ஒவ்வொரு பிரிவும் தன் மெஷின் சும்மா இருக்கக் கூடாது என்று எதையாவது செய்து அடுத்த பிரிவின் வாசலில் குவித்துவிடும். அவனுக்கு அது இன்றைக்குத் தேவையா என்று கேட்பவர் கிடையாது. அமெரிக்காவில் ஃபோர்டு 1913-ல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்த நாளிலிருந்து உலகம் பழகிய முறை இது. நிறையச் செய், குவித்து வை, முன்னால் தள்ளு. லட்சக்கணக்கில் ஒரே மாடல் வண்டி விற்கும் நாட்டில் அது தாங்கும். போரில் தோற்று, காசில்லாமல், மாதத்துக்குச் சில நூறு லாரி செய்துகொண்டிருந்த கம்பெனிக்கு எப்படித் தாங்கும்?

உதிரிபாகம் வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவு வந்தால் போதும் என்று கீச்சிரோ 1938-ல் கொரோமோ தொழிற்சாலையைத் திறந்தபோதே சொல்லியிருந்தார். அழகான ஆசை. ஆனால் அதை நடத்திக் காட்டும் வழி அவரிடம் முழுதாக இல்லை, போரும் குறுக்கே வந்துவிட்டது. 1945-ல் தோல்விக்குப் பிறகு, மூன்று வருஷத்தில் அமெரிக்காவை எட்டிப் பிடிக்க வேண்டும் என்றார் கீச்சிரோ. ஓனோவின் மண்டையில் வேறொரு கணக்கு ஓடியது. ஓர் அமெரிக்கத் தொழிலாளி செய்வதைச் செய்ய ஒன்பது ஜப்பானியர் தேவை என்று போருக்கு முன் கேள்விப்பட்டிருந்தார். அமெரிக்கனுக்கு ஒன்பது மடங்கு உடல் வலு இருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் நாம் எதையோ வீணடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற முடிவுக்கு வந்தார்.

1947-ல் தன் பிரிவில் மெஷின்களை இடம் மாற்றிப் போட்டு, ஒரு மெஷினுக்கு ஓர் ஆள் என்பதை இரண்டு மெஷினுக்கு ஓர் ஆள் ஆக்கினார். பிறகு மூன்று, நான்கு. தறிக்கூடத்தில் பார்த்ததை இரும்புக்கு மாற்றிய கதை. கடைசல் பிடிப்பவருக்கு டிரில்லிங்கும் தெரிய வேண்டும் என்றதும் பழைய கைகாரர்களுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஒரு மெஷினில் இருபது வருஷம் உட்கார்ந்து கற்ற தொழில் அது.

வேலை போனவர்கள்

1949-ல் ஜப்பானில் பணம் இறுகியது. விற்ற வண்டிக்குக் காசு வரவில்லை. டொயோட்டா திவாலின் விளிம்புக்குப் போனது. ஆட்குறைப்பு என்றார்கள், 1950 ஏப்ரலில் வேலைநிறுத்தம் வெடித்தது. முடிவில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களோடு கீச்சிரோவும் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். அடுத்த சில நாளில் கொரியப் போர் தொடங்கி, அமெரிக்க ராணுவம் லாரி லாரியாக ஆர்டர் கொடுத்தது. கம்பெனி பிழைத்தது. வெளியே போனவர்கள் போனவர்கள்தான். கீச்சிரோ திரும்பி வருவதாக ஏற்பாடாகி, வருவதற்குள் 1952 மார்ச்சில் இறந்துபோனார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மில் போராட்டம் என்றால் 1936 ஜூலை 30 ஞாபகம் வரும். எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். கொரோமோவில் துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனாலும் 1950-ஐ ஒதுக்கிவிட்டு ஓனோவின் கதையைச் சொல்ல முடியாது. ஆர்டர் கூடினாலும் புதிதாக ஆள் எடுக்கக் கம்பெனி பயந்தது. இருக்கும் ஆளை வைத்தே எப்படிச் செய்வது என்ற நெருக்கடியில்தான் அவருடைய முறை வேகம் பிடித்தது. வீண் வேலையைக் குறைப்பது என்று அவர் சொன்னதில், வேலையைப் பிழிவது என்ற பயம் தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்தே இருந்ததற்கு இதுதான் காரணம்.

மளிகைக் கடையும் கடைமடையும்

இந்தச் சமயத்தில் அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்த ஒரு கடை வகை பற்றிக் கேள்விப்பட்டார் ஓனோ. சூப்பர் மார்க்கெட். வாடிக்கையாளரே அலமாரிக்குப் போய் வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார். எது காலியானதோ அதை மட்டும் கடைக்காரர் நிரப்புவார். நமக்கு இன்று இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓனோவுக்கு அதில் தொழிற்சாலையே தெரிந்தது. அடுத்த பிரிவு வாடிக்கையாளர், முந்தைய பிரிவு கடை. வாடிக்கையாளர் வந்து எடுத்துக்கொண்டால்தான் கடை நிரப்ப வேண்டும். யாரும் எடுக்கவில்லை என்றால் கைகட்டிச் சும்மா இரு, அதிகமாகச் செய்து குவிக்காதே.

பாகூர் பக்கத்து விவசாயிகளுக்கு இதைத் தண்ணீர் வைத்தே சொல்லலாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிரம்பினால் மதகு திறப்பார்கள். தலைமடைக்காரர் வயலுக்கு அதிகமாகவே பாயும், கடைமடைக்காரர் வயலுக்குப் போய்ச் சேருமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஓனோ செய்தது இதைத் தலைகீழாக்கியது. கடைமடைக்காரர் தன் வயல் காய்ந்ததும் ஓர் ஆளை அனுப்புவார், அவர் கேட்ட அளவுக்கு மட்டும் மேலே மதகு திறக்கும். தண்ணீரில் இது நடக்குமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். தொழிற்சாலையில் நடந்தது.

1953-ல் தன் மெஷின் ஷாப்பில் இதை ஆரம்பித்தார். 1956-ல் அமெரிக்கா போனபோது ஜி.எம்., ஃபோர்டு தொழிற்சாலைகளைப் பார்த்தார். அந்தக் கடைகளையும் அப்போதுதான் நேரில் பார்த்தார்.

கேட்பதற்கு ஆள் அனுப்புவதற்குப் பதில் அட்டை அனுப்பினார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட சின்னக் காகித அட்டை. கான்பான் என்றால் ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகை. எந்தப் பாகம், எத்தனை, எங்கிருந்து எங்கே என்று அதில் எழுதியிருக்கும். பாகம் இருக்கும் ட்ரேயோடு அட்டை ஒட்டிக்கொண்டே வரும். லைனில் அந்த ட்ரேயில் கை வைத்ததும் அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அது முந்தைய பிரிவுக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால் செய்யலாம், வராவிட்டால் செய்யக் கூடாது. அட்டையில்லாமல் ஒரு ட்ரே கூட நகரக் கூடாது. பழுதான பாகத்தை அடுத்தவருக்கு அனுப்பவே கூடாது.

எத்தனை அட்டை போடுவது? கணக்கு சுலபம். ஒரு லைன் எட்டு மணி நேர ஷிப்டில் 480 மோட்டார் பூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60. ஒரு ட்ரேயில் 20 மோட்டார். அட்டை போய், நிரம்பிய ட்ரே திரும்பி வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் லைன் தின்பது 60, அதாவது 3 ட்ரே. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. ஆக 4 அட்டை. ஐந்தாவது அட்டை கிடையாது, அதனால் ஐந்தாவது ட்ரேயும் கிடையாது. கம்ப்யூட்டர் இல்லை, ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டர் இல்லை. தரையில் எவ்வளவு சரக்கு இருக்கலாம் என்பதை நாலு காகிதம் முடிவு செய்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, ஓனோ வந்து நாலில் ஓர் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்! இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கினால் அடியில் கிடக்கும் பாறையும் கட்டையும் தெரியும் இல்லையா? சரக்கு குறைந்தால் எந்த மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, எந்த அச்சு மாற்ற நேரமாகிறது என்பதெல்லாம் வெளியே வரும். சரி செய்தே ஆக வேண்டும். 1940-களில் பெரிய பிரஸ்ஸில் அச்சு மாற்ற இரண்டு மூன்று மணி நேரம் ஆகுமாம். அவ்வளவு கஷ்டப்பட்டு மாற்றிய அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிக்கத்தான் யாருக்கும் தோன்றும். 1970 வாக்கில் அதை மூன்று நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற வல்லுநருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மூன்று நிமிஷத்தில் மாற்றலாம் என்றால் இருபது அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். இது நடக்காமல் அட்டையை மட்டும் காப்பியடித்த கம்பெனிகள் உலகம் முழுக்க முட்டிக்கொண்டு நின்றன.

அட்டை போகும் பாதையைச் சுற்றி வேறு ஏற்பாடுகளும் வளர்ந்தன. பாண்லே வண்டி ஊர் ஊராகப் போய்ப் பால் எடுக்கிற மாதிரி, ஒரே லாரி நாலைந்து சப்ளையர்களைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றி வரும். பெயரே மில்க் ரன்தான். உள்ளே, நேரம் தவறாமல் லைனைச் சுற்றி வந்து காலி ட்ரேயை எடுத்து நிறைந்ததை வைக்கும் ஆளுக்கு ஜப்பானில் மிசுசுமாஷி என்று பெயர். ஏரித் தண்ணீர் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் சின்னக் கறுப்பு வண்டு தெரியுமா, அதன் பெயர்! நம்ம ஊரில் டிராலி தள்ளும் பையன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அவன் அஞ்சு நிமிஷம் டீ குடிக்க நின்றால் முழு லைனும் நிற்கும்.

நல்ல பேர் வாங்காத மேனேஜர்

தொழிற்சாலைக்குள் ஓனோவுக்கு நல்ல பெயர் கிடையாது. ரொம்பக் கறார். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இளம் இன்ஜினீயரை அதற்குள் நிற்க வைத்து, எதிரே நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று அவரிடம் பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் கழித்து வந்து என்ன பார்த்தாய் என்று கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் மறுபடியும் வட்டத்துக்குள். ஆபீஸில் உட்கார்ந்து ரிப்போர்ட் படிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மெஷின் நின்றதென்றால் ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போகக் கூடாது, ஃபியூஸ் ஏன் போனது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து தடவையாவது கேட்க வேண்டும் என்பார். வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருந்தால் இந்த முறை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

சூப்பர்வைசர்கள் மேலிடத்தில் புகார் செய்தார்கள். கம்பெனியின் முறை என்று யாரும் இதை ஏற்கவில்லை. ரொம்ப நாள் இதற்கு ஓனோ முறை என்றுதான் பெயர், அதுவும் பாராட்டாக இல்லை, இது அந்த ஆளோட கிறுக்கு என்ற அர்த்தத்தில். கீச்சிரோவின் ஒன்றுவிட்ட தம்பி எய்ஜி டொயோடா மாதிரி மேலே இருந்த ஓரிருவர் புகார்களைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டதால்தான் அவர் பிழைத்தார். 1962-ல் ஒருவழியாக டொயோட்டா முழுக்கக் கான்பான் வந்தது. தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது!

கயிறு

அட்டை உலகப் புகழ் பெற்றது. அதோடு சேர்ந்தே பிறந்த இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், தப்பு ஒன்றைப் பார்த்தால் லைனை நிறுத்தலாம். தலைக்கு மேல் ஒரு கயிறு, சில இடங்களில் பட்டன். இழுத்தால் மேலே பலகையில் விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வருவார், சரி செய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். அறுந்த நூலுக்காக நின்ற சகிச்சியின் தறியை, மனிதர்களுக்கு மாற்றி எழுதியது மாதிரி.

லைன் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று மற்ற கம்பெனிகளில் மேனேஜர்கள் கத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒரு தடவைகூட நிற்காத லைனைத்தான் ஓனோ சந்தேகப்பட்டார். ஒன்று, அங்கே ஆள் அதிகமாக இருக்கிறார்கள், அல்லது தப்பை மறைக்கிறார்கள் என்று நினைப்பார். யோசித்துப் பார்த்தால் அட்டைக்குக் கயிறு அவசியம். நாலு ட்ரே மட்டும் இருக்கும் இடத்தில் ஒரு ட்ரே முழுக்கப் பழுது என்றால் ஒளித்து வைக்க வேறு சரக்கு கிடையாது. அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டால், நெருக்கடி முழுவதும் லைனில் நிற்பவர் உடம்பில்தான் இறங்கும்.

டொயோட்டாவிலேயே அது இறங்கியது என்று எழுதியவர் ஒருவர் உண்டு. சதோஷி கமாதா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். 1972-ல் டொயோட்டாவில் சீசன் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு மாதம் லைனில் நின்றார். அதை வைத்து 1973-ல் அவர் எழுதிய புத்தகத்தின் ஜப்பானியத் தலைப்பிலேயே விரக்தி என்ற சொல் இருக்கிறது. நிற்காமல் ஓடும் லைன், கூடிக்கொண்டே போகும் வேகம், ஹாஸ்டல் வாழ்க்கை, பாதியில் ஓடிப்போகிற சக தொழிலாளிகள். காண்ட்ராக்ட்டில் ஆறு மாதம், எட்டு மாதம் என்று போய் வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் படித்தால் ஜப்பான் கதை என்றே நினைக்க மாட்டார்கள். பெரிய கம்பெனி சரக்கைக் குறைத்துக்கொண்டு அந்தச் சுமையைச் சின்ன சப்ளையர்கள் தலையில் கட்டுகிறது என்ற குற்றச்சாட்டு 1977-ல் ஜப்பான் நாடாளுமன்றம் வரை போனது. சப்ளையர் வாசலில் குடோன் பெரிதானால் அது கான்பானே இல்லை என்பது ஓனோவின் நிலை. சொன்னது சரிதான். நடந்தது எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

சரக்கில்லாமல் ஓடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரி 1-ம் தேதி, கரியா நகரில் ஐசின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கு ஒரு சின்ன வால்வு செய்யும் இடம். கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பான் முழுக்க டொயோட்டா லைன்கள் நின்றன. பிறகு மற்ற சப்ளையர்கள், ஒரு தையல் மெஷின் கம்பெனி உட்பட, ஆளாளுக்கு அந்த வால்வைச் செய்து கொடுத்து ஒரு வாரத்துக்குள் மீண்டும் ஓட வைத்தார்கள். நமக்கும் இது புரியாத விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நாளில் நாலு மணி நேரக் கையிருப்பை நம்பி ஒரு லைனை ஓட்ட முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மில்லுக்கே திரும்பியவர்

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து கம்பெனிகள் எல்லாம் சரிந்தபோது டொயோட்டா மட்டும் சீக்கிரம் எழுந்தது. அப்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓனோ 1975-ல் நிர்வாகத் துணைத்தலைவர் ஆனார். தலைவர் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. 1978-ல் டொயோட்டாவிலிருந்து விலகினார், அதே வருஷம் தன் முறையைப் பற்றிப் புத்தகம் எழுதி வெளியிட்டார். ஓய்வுக்குப் பிறகு எங்கே போனார் தெரியுமா? இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த அதே டொயோடா நூற்பாலைக்கு, இந்த முறை சேர்மனாக. 1990 மே 28-ம் தேதி டொயோட்டா நகரில், 78 வயதில் காலமானார். கொரோமோ ஊருக்கே 1959-ல் டொயோட்டா என்று பெயர் மாறியிருந்தது. அவர் இறந்த வருஷம்தான் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையைப் பற்றி எழுதிய புத்தகம் வந்து, லீன் என்ற புதுப் பெயரில் அது உலகம் சுற்றக் கிளம்பியது.

நம் பக்கம் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. 1983 டிசம்பரில் மாருதியின் முதல் கார் வெளிவந்தபோதே சுசுகியோடு ஜப்பானியத் தொழிற்சாலைப் பழக்கங்களும் இந்தியாவுக்குள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் டி.வி.எஸ். குழும கம்பெனிகள் ஜப்பானிய ஆசான்களை வரவழைத்துக் கற்றன. தர நிர்வாகத்துக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது 1998-ல் சுந்தரம் கிளேட்டன், 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் வாங்கியது. இன்று அட்டைக்குப் பதில் பார்கோடு, ஸ்கேனர். காலி ட்ரே வாசலைத் தாண்டும்போதே சப்ளையர் கம்ப்யூட்டரில் ஆர்டர் விழுந்துவிடுகிறது.

ஆக, அட்டை வந்துவிட்டது. ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ், எத்தனை ட்ரே என்று உங்க வீட்டுப் பையனுக்கோ பொண்ணுக்கோ மனப்பாடமாகத் தெரியும். கயிறு வந்திருக்கிறதா? காண்ட்ராக்ட் ஆளும், டிரெய்னியும், நேற்றுச் சேர்ந்த ஐ.டி.ஐ. பையனும் பழுதான பாகத்தைப் பார்த்தால் திட்டு வாங்காமல் லைனை நிறுத்த முடிகிறதா? கம்பெனிக்குக் கம்பெனி, லைனுக்கு லைன் இது மாறும். அதனால் நான் சொல்வதைவிட அவங்களையே கேட்கிறது நல்லது. இன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும், சாப்பாடு போட்டுவிட்டு, மெதுவாக விசாரியுங்கள். உன் லைனில் நிறுத்துவதற்குக் கயிறோ பட்டனோ இருக்கா, கடைசியா யார் அதைத் தொட்டாங்க, அப்புறம் என்ன ஆச்சு?